தாங்குவோரைத் தாங்குவது யார்?

செஞ்சியை அடுத்த மேல்மலையனூரில் அமாவாசை இரவுதோறும் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பெருந்திரள் கூடுகிறது. மனம் கலங்கியோரை அழைத்து வரும் குடும்பங்களும் அதில் உண்டு. நம் பார்வை கலங்கியவர்மீதே பதிகிறது. அவர் கையைப் பற்றி விடியும்வரை விழித்திருக்கும் தாய்மீது பதிவதில்லை.

சிறைகளிலும் இதுவே நிலை. 1981இல் கேரளத்தில் தொடங்கிய இந்தியச் சிறைப்பணி இயக்கத்தின் வழியாகக் குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் கைதிகளைச் சந்தித்து வருகின்றனர். கொலையும் கண்ணீரும் கலந்த கதைகளை நாள்தோறும் கேட்கும் ஆற்றுப்படுத்துநர் தாமே மனச்சோர்வில் விழுந்தால் நாம் என்ன சொல்கிறோம்? ஊருக்கு உபதேசம் செய்தவருக்கே இந்நிலையா என்கிறோம். விசுவாசக் குறைவு என்றும் தீர்ப்பிடுகிறோம்.

அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரம் இத்தீர்ப்பை மறுக்கிறது. கர்மேல் மலையில் வென்ற எலியா, பாலைநிலத்தில் தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு மன்றாடுகிறார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், வானதூதர் வழியாக அப்பமும் நீரும் தந்தார், மீண்டும் உறங்கவிட்டார். புதிய பணி அதற்குப் பின்னரே வந்தது.

காயமுற்றவரே பிறரைக் குணமாக்க முடியும் என்று 1972இல் நூல் எழுதிய ஹாலந்து நாட்டுக் குரு ஹென்றி நூவன், 1987இன் இறுதியில் தாமே கடும் மனச்சோர்வில் வீழ்ந்தார். பணியிலிருந்து விலகிப் பிறர் துணையை நாடினார். பல மாதங்களுக்குப் பின் திரும்பினார்.

ஆனால் காயம் மட்டுமே எவரையும் மருத்துவராக்கிவிடாது. ஆற்றப்படாத காயம், துணை தேடி வந்தவரின் சுமையையும் கூட்டிவிடும். ஆகவே ஆற்றுப்படுத்துநர் ஓய்வும் சிகிச்சையும் பெறுவது தன்னலமன்று. தம்மை நம்பிய கைதிக்கு அவர் செய்யும் நீதி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநலச் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. கைதிக்குரிய அவ்வுரிமை அவரைத் தேற்றுபவருக்கும் உரியதே. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இருவருக்கும் பொதுவானது.

சிறையில் இருப்போரைக் காணச் செல்வது ஆண்டவரையே காணச் செல்வதாகும். அங்குச் சென்று திரும்புவோரிடம் கைதிகளின் நலனை நாம் விசாரிக்கிறோம். நன்று. அவர்கள் உண்டார்களா, உறங்கினார்களா என்றும் கேட்போம். எலியாவிடம் வானதூதர் செய்த பணியும் அதுவன்றோ!