பெட்டியுள் கிடந்த கடிதங்கள்

ஒரு கலைஞர் மறைந்தபின் அவர் விட்டுச்சென்ற எழுத்துக்கள் எவருக்கு உரியவை? சிலாபத்துக்கு வடக்கேயுள்ள கடலோரக் கிராமமொன்றில், 'ஞானசவுந்தரி' முதலிய நாட்டுக்கூத்துக்களில் பெண் வேடம் தாங்கிப் பாடிப் புகழ்பெற்ற உறவினர் ஒருவரின் தகரப்பெட்டியைத் திறந்த அன்றே இவ்வினா என்னைப் பற்றிக்கொண்டது. உப்புக்காற்றில் ஓரம் பொடிந்த கூத்துக் கொப்பி, செலவுக் கணக்குத் தாள்கள், நூலாற் கட்டிய ஒரு கற்றைக் கடிதங்கள் ஆகியன அதனுள் இருந்தன. அவர் மகளோ, அக்கரையோரத் தமிழர் பலரின் வழித்தோன்றல்களைப் போலச் சிங்கள மொழிமூலம் கற்றவர். தமிழ் பேசுவார், வாசிக்கமாட்டார். "தம்பி, நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

கூத்துக் கொப்பியைப் பொறுத்தமட்டில் ஐயமில்லை. அண்ணாவிமார் தம் கொப்பியை இலேசில் இரவல் கொடார் என்பது மெய்யே. ஆயினும் ஒருவர் எழுதியதை மற்றொருவர் பெயர்த்தெழுதி, ஆடுவோர் குரலுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வளர்த்த பொருள் அது. அதனைப் பூட்டிவைத்துச் செல்லரிக்க விடுதல் தகாது. கணக்குத் தாள்களும் அத்தகையனவே. பெற்றோமாக்ஸ் விளக்கு வாடகையையும் மத்தளகாரர் கூலியையும் வேறெந்த நூல் நமக்குச் சொல்லும்?

கடிதங்களின் நிலை வேறு. ஈண்டு கே. பி. சுந்தராம்பாளை நினைவுகூர்தல் பொருந்தும். 1926 இல் கொழும்பில் நாடகம் நடிக்க வந்தவிடத்தில் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார் அவர். கிட்டப்பா முன்னரே மணமானவர். 1933 இல் கிட்டப்பா மறைய, 25 வயதளவில் வெண்ணிற ஆடை பூண்ட சுந்தராம்பாள், 1980 இல் தாம் மறையும்வரை அக்கோலத்தை மாற்றவில்லை. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறின. நுழைவுச்சீட்டு வாங்கியோர் குரலை மட்டுமே வாங்கினர்; அவர் நெஞ்சை விலைபேச எவருக்கும் உரிமையில்லை எனலாம். யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணினேன். ஆனால் அக்கடிதங்கள் இலவேல், வெள்ளைச்சேலை உடுத்த பதிபக்தை என்ற ஓவியமே எஞ்சியிருக்கும். ஆற்றாமையும் தன்மானமும் கொண்டு வாதாடிய பெண்ணை நாம் அறிந்திரோம். மௌனம் சிலவேளை பிழை செய்தவரையே காக்கிறது. எனினும் இந்நியாயம் சம்பந்தப்பட்டோர் யாவரும் மறைந்தபின்னரே செல்லும் என்பது என் துணிபு. கடிதத்திற் பெயர் சுட்டப்பட்டவர் அடுத்த தெருவில் உயிரோடிருப்பின், 'ஆராய்ச்சி' என்னும் சொல் எத்துணைக் கேடயமாகும்?

தகரப்பெட்டியிலிருந்த முதற் கடிதத்தைப் பிரித்தேன். அவர் மனைவியின் கையெழுத்து அன்று அது. மூன்றாம் வரியில், வாசித்தவுடன் இதனைக் கிழித்துவிடுக என்றிருந்தது. வாய் திறவாது நின்றேன். இரவல் கண்ணாய் வந்த நான், எழுதியவளின் ஆணைக்குக் கட்டுப்பட்டவனா, கேட்டு நிற்கும் மகளுக்குக் கடமைப்பட்டவனா? எழுதப்படிக்கத் தெரிந்தமை ஒன்றாலேயே பிறர் வாழ்வின்மீது இத்தகைய அதிகாரம் ஒருவனுக்கு வாய்ப்பது அச்சந்தருவது. பொய்யொன்று சொல்லிக் கற்றையைக் கட்டிவிடுதல் எளிதாயிருந்தது.

ஈற்றில், எழுதியவர் வேறொரு பெண் என்பதையும், கிழித்துவிடுமாறு கேட்டிருந்தார் என்பதையும் மாத்திரம் சொன்னேன், எஞ்சியவற்றைப் படிக்கவில்லை.

அக்கா சற்றுநேரம் கடலைப் பார்த்திருந்தார். "அப்பா கிழிக்கல்லையே" என்றார்.

கொப்பியையும் கணக்குத் தாள்களையும் படியெடுக்க என்னிடம் தந்தார். கடிதக் கற்றையைத் தாமே கட்டிப் பெட்டியுள் வைத்தார்.