துண்டின் முனை

பென்னாகரத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரருக்கு என் வயதுதான், நாற்பதைத் தாண்டியவர். வாய் ஓயாமல் பேசுவார். சிரிப்பு வந்தால் மட்டும் தோள் துண்டின் முனை வாய்க்குப் போய்விடும். பற்களில் பழுப்புப் பட்டைகள். புகையிலைப் பழக்கம் என்று முடிவு கட்டியிருந்தேன். முகத்தைப் பார்த்துக் குணத்தை எழுதிவிடும் அவசரம் கதைக்காரனுக்குச் சற்று அதிகம்.

புகையிலை அல்ல, தண்ணீர். தர்மபுரிப் பாறைகளுக்கடியில் ஊறும் நீரில் ஃபுளோரைடு உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதை மீறிய கிணறுகளை நம்பித்தான் இங்கே பல ஊர்கள் வாழ்ந்தன.

பல்லின் மேற்பூச்சாகிய எனாமலைக் கட்டும் உயிரணுக்கள், பல் ஈறைவிட்டு வருமுன்பே வேலையை முடித்து மடிந்துவிடுகின்றன. முன்பற்களுக்கு ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் எல்லாம் தீர்ந்தது. அந்த நாளில் ஃபுளோரைடு மிஞ்சினால் பூச்சு சரியாக இறுகுவதில்லை. பிறகு திருத்தலாமென்றால், கொத்தனார் உயிரோடு இல்லை.

பல்லுக்குள்ளே இருக்கும் அணுக்களின் கதை வேறு. பல் உயிரோடிருக்கும்வரை அவை உட்சுவரைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. வயது ஏற ஏற நடு அறை குறுகுகிறது; அணுக்களும் தட்டையாகி, தொகையில் குறைந்து, சோர்கின்றன. அறையின் அகலத்தைக் கொண்டு ஆளின் வயதைக் கணிக்கும் முறை தடயவியலில் உண்டு. ஆக, உள்ளே இருப்பவை அவரோடு சேர்ந்து கிழடாகின்றன. ஊர் பார்ப்பதோ, அவருடைய ஐந்தாம் வயதில் நின்றுபோன கடிகாரத்தை!

தண்ணீரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாத வயதில் விழுந்த கறைக்கு ஒருவன் பொறுப்பாளியா? இல்லை என்று நீங்களும் நானும் உடனே சொல்லிவிடுவோம். பெண் பார்க்கப் போன வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரி நீர் குழாயில் வருகிறது. நியாயம்தான், ஆனால் அப்போது அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. தாமதமாக வந்த நியாயம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருகிறது. தவறவிட்டவனுக்கு அது வெறும் தண்ணீர். இதற்காகத் திட்டத்தைக் குறை சொல்ல முடியுமா? எனக்கு மனம் வரவில்லை. கணக்குத் தீர்ந்துவிட்டது என்று எழுதவும் கை வரவில்லை.

அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள். பளிச்சென்ற பற்கள். போன வாரம் கல்லாவருகே உட்கார்ந்து, "ஏம்பா, நீ சின்ன வயசுல பல்லே வெளக்க மாட்டியா?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். துண்டு தன்னால் மேலே போயிற்று.