அடிக்கிற இருதயத்தைக் கொடுக்கலாமா?



சில வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு காரியத்தை மனவேதனையோடு எழுதுகிறேன். திருமங்கலம் பக்கம் நாலுவழிச் சாலையில் பைக்கில் போன ஒரு வாலிபத் தம்பி அடிபட்டு, மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். விசுவாசக் குடும்பத்துப் பிள்ளை. மூன்றாம் நாள் மூளைச்சாவு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இருதயத்தைத் தானமாகக் கொடுக்கச் சம்மதமா என்றும் கேட்டார்கள்.

வராந்தாவில் அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எம்பிள்ளைக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு? அடிக்கிற நெஞ்சை எப்படிண்ணே எடுத்துக் குடுக்க?" என்று அழுதார்கள். தகப்பனோ, "எக்காளச் சத்தம் கேக்குற நாள்ல எம்மகன் நெஞ்சு இல்லாம எப்படிண்ணே எந்திரிப்பான்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். மறுநாள் விடியுமுன்னே இருதயம் நின்றுபோனது. ஆம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் அந்தப் பெற்றோர் வீடு திரும்பினார்கள். ஜெபத்தைச் சொல்லி நான் ஒளிந்துகொண்டேனே என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அதற்குப்பின் வாசித்தும் விசாரித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி ஒரு தகப்பன் முன்னால் வந்தது 1967 டிசம்பரில். தென் ஆப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் கேக் வாங்கப் போன தாயையும் மகளையும் ஒரு கார் மோதியது. தாய் அங்கேயே இறந்தார். 25 வயது மகள் டெனிஸ் டார்வாலுக்கு மூளை சிதைந்துவிட்டது. இருதயம் வேண்டும் என்று கேட்டபோது, தகப்பன் எட்வர்ட் டார்வால் நாலு நிமிஷம் யோசித்தாராம். என் மகளைப் பிழைக்க வைக்க முடியாதென்றால் அந்த மனுஷனையாவது பிழைக்க வையுங்கள் என்ற கருத்தில் சம்மதம் கொடுத்தார். டிசம்பர் 3-ம் தேதி டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு அந்த இருதயத்தை லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்ற மளிகை வியாபாரிக்குப் பொருத்தினார். 18 நாள் உயிரோடிருந்த அவர் நிமோனியாவில் இறந்தார்.

நம் தேசமும் பின்தங்கவில்லை. 1968 பிப்ரவரியிலேயே பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.கே. சென் இருதய மாற்று ஆபரேஷன் செய்தார். நோயாளி சுமார் மூன்று மணி நேரமே பிழைத்திருந்தார். அந்த ஒரே வருஷத்தில் உலகமெங்கும் நூறு பேருக்கு மேல் இந்த ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலானவர்கள் சீக்கிரமே இறந்துபோனார்கள். அந்நிய இருதயத்தைச் சரீரம் ஏற்றுக்கொள்ளவில்லை. அதைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து 1980-களில் வந்த பிறகே நிலைமை மாறியது.

அன்று இன்னொரு குழப்பமும் இருந்தது. மனுஷன் எப்போது மரிக்கிறான்? நெஞ்சு நின்றாலா, மூளை செத்தாலா? நம் நாட்டில் இதற்குச் சட்டம் பிறந்தது 1994-ல். அந்த வருஷம் ஆகஸ்ட் 3-ம் தேதி டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் செய்த ஆபரேஷன்தான் இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் இருதய மாற்று.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். இருதயத்தைத் துடிக்க வைக்கும் இடம் இருதயத்துக்குள்ளேயே இருக்கிறது. மெஷின் காற்றைக் கொடுக்கிறவரை, மூளை செத்த பிறகும் அது கொஞ்ச காலம் துடிக்கும். ஆனால் அந்தப் பிள்ளை தானாக ஒரு மூச்சும் விடப்போவதில்லை. இதை நாலு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தரம் சோதித்து உறுதி செய்யவேண்டும் என்பது சட்டம். மாற்று ஆபரேஷன் செய்கிற டாக்டர் அந்த நால்வரில் இருக்கக்கூடாது. ஆகவே உயிரோடிருக்கிறவனை அறுக்கிறோம் என்ற பயம் வேண்டாம்.

தகப்பனின் கேள்வி விசுவாசத்தைப் பற்றியது. கடலில் மூழ்கியவர்கள், அக்கினியில் வெந்து சாம்பலான இரத்தசாட்சிகள், இவர்களையெல்லாம் எழுப்ப வல்லவர் நம் தேவன் என்று அறிக்கை செய்கிறோம் அல்லவா? மண்ணிலிருந்து மனுஷனை உண்டாக்கினவருக்கு ஒரு இருதயம் குறைவாயிருப்பது பெரிய காரியமா? தகனக்காரனுக்கும் புழுவுக்கும் போவதை அயலானுக்குக் கொடுத்தால் அவர் கணக்குத் தவறிவிடுவாரா?

இன்னொன்றையும் சிந்தியுங்கள். 1968 ஜனவரியில் பர்னார்டு செய்த இரண்டாவது ஆபரேஷனில், கிளைவ் ஹாப்ட் என்ற கலப்பினத்து வாலிபனின் இருதயம் பிலிப் பிளைபெர்க் என்ற வெள்ளைக்காரருக்கு வைக்கப்பட்டது. அந்நாட்டின் நிறவெறிச் சட்டப்படி அந்த இருவரும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடாது! ஆனாலும் அந்த இருதயம் பிளைபெர்க்கின் நெஞ்சுக்குள் 19 மாதம் அடித்தது. அவர் பிழைத்தார். தேசத்தின் மனதோ அன்று மாறவில்லை. டாக்டர் மாற்றுவது தசையை மட்டுமே. கல்லான மனதை மாற்ற எந்த ஆபரேஷன் தியேட்டராலும் முடியாது. நம் ஊர்களில் இன்றும் சாதி பார்க்கிறவர்களே, இதை யோசியுங்கள்.

அப்படியானால் கொடுக்காதவர்கள் பாவிகளா? இல்லவே இல்லை. இது கடனல்ல, அன்பு. பிணத்தருகே நிற்கும் தாயை யாரும் நெருக்கக்கூடாது. விலை பேசவும் கூடாது. உறுப்பை விற்பது சட்டப்படி குற்றம். கொடுப்பது மனப்பூர்வமாய் இருந்தால்தான் அது தானம்.

ஆனால் யோசிக்க நேரம் கிடையாது. வெளியே எடுத்த இருதயம் சுமார் நாலு மணி நேரமே தாங்கும். மதுரையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னைக்கு ஏழு மணி நேரம். விமானமே வழி. 2008-ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி ஒருவர் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது, சென்னைப் போலீஸார் சாலையை ஒதுக்கி இருதயத்தைக் கொண்டுபோக வழிவிட்டார்கள். அது ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் தமிழ்நாட்டில் அநேக குடும்பங்கள் முன்வந்தன.

பிரியமானவர்களே, வராந்தாவில் நின்று அழுதுகொண்டே முடிவு எடுக்கும்படி உங்கள் வீட்டாரை விட்டுவிடாதீர்கள். இன்று ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் பாயில் உட்கார்ந்தபடியே பேசிவிடுங்கள். "எனக்கு அப்படி ஒன்னு ஆச்சுன்னா குடுத்துருங்க" என்றோ, "வேண்டாம், எனக்கு மனசில்ல" என்றோ தெளிவாய்ச் சொல்லிவையுங்கள். என் வீட்டில் நான் சொல்லிவிட்டேன். அந்தத் தம்பியின் பெற்றோரையும் போய்ப் பார்த்து, அன்று பதில் சொல்லாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் சொன்னது ஒரே வார்த்தை: "முன்னமே பேசியிருக்கலாம்ணே."