கேட்டு வாங்கும் அன்பளிப்பு

2025 அக்டோபரில் காவிரிப் படுகை மாவட்டங்களில் குறுவை அறுவடையும் மழையும் சேர்ந்தே வந்தன. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் கொட்டிக் கிடந்த நெல் நனைந்தது. பல இடங்களில் குவியலிலேயே முளைவிட்டது. ஈரப்பத வரம்பை 17 விழுக்காட்டிலிருந்து 22 ஆக உயர்த்தும்படி மாநில அரசு மத்திய அரசைக் கேட்டது. ஆய்வுக் குழுக்கள் வந்து நெல்லை அள்ளிப் பார்த்தன. கிடங்கு போதவில்லை, லாரி வரவில்லை, சாக்கு இல்லை என்றே பேச்செல்லாம் நடந்தது. அந்த இரைச்சலுக்குள் ஒரு பழைய புகாரும் இருந்தது. மூட்டைக்கு 40, 50 ரூபாய் வைத்தால்தான் நெல் தராசில் ஏறும் என்று விவசாயச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவரும் புகார் அது. மழை எல்லார் கண்ணிலும் பட்டது. இது யார் கண்ணையும் உறுத்தவில்லை, பழகிவிட்டதால்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களத்திலோ டீக்கடையிலோ இந்தப் பேச்சு எழுந்தால், லஞ்சம் என்ற சொல் அரிதாகவே காதில் விழும். லோடுமேன் கூலி, டீ செலவு, மாமூல் என்பார்கள். “வெயில்ல மூட்டை தூக்குறான், பாவம். நாலு காசு கொடுத்தா நமக்கு என்ன குறைஞ்சு போச்சு?” என்பார் ஒருவர். “சின்னத் தொகைக்கெல்லாம் மல்லுக்கு நிக்காம, நல்லதையே நினைச்சுக்கிட்டுப் போகணும்” என்பார் இன்னொருவர். இரக்கம், தாராள மனசு, எதையும் நல்லவிதமாக எடுத்துக்கொள்வது, யாரோடும் சச்சரவு வைக்காதது: பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் நல்ல பழக்கங்கள் அத்தனையும் இங்கே இந்தப் பணத்துக்குக் காவல் நிற்கின்றன. ஆகவே கேள்வி இதுதான். தராசுக்கு முன்னால் நின்று கேட்கப்படும் பணத்தைச் சிரித்த முகத்தோடு கொடுப்பது அன்பா? அது அன்பாகாது. மறுக்க முடியாத இடத்தில் நின்று கொடுப்பதை அன்பில் சேர்க்க எந்த அறநூலும் இடம் தரவில்லை.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 2025-26 பருவத்தில் பொதுரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. ஆக ஒரு மூட்டை சரியாக 1,000 ரூபாய். அதில் 40 ரூபாய் போனால் நூற்றுக்கு நாலு. நூறு மூட்டை போடுகிறவருக்கு 4,000 ரூபாய். உழவுக்கும் நடவுக்கும் உரத்துக்கும் அறுவடை மிஷினுக்கும் கொடுத்து, கூட்டுறவுக் கடன், நகைக் கடன் எல்லாம் கழித்து மிஞ்சுவது எவ்வளவு என்று உழுகிறவருக்குத் தெரியும். இது போகிற போக்கில் விட்டுவிடக்கூடிய சில்லறை இல்லை.

அது யாருடைய பையிலிருந்து போகிறது என்பது இன்னும் முக்கியம். ஐந்து வேலி நிலமுள்ளவர் சந்தோஷமாக 50 ரூபாயை எடுத்து வைக்கிறார். நல்ல மனுஷர் என்று பெயர் வாங்குகிறார். அவர் கொடுத்த நிமிடத்தில் அது அந்த நிலையத்தின் விலையாகிவிடுகிறது. அடுத்து வரிசையில் நிற்பவர் ஆறு மா குத்தகை நிலத்தில் விளைந்ததை வாடகை டிராக்டரில் ஏற்றிவந்தவர். சிட்டாவும் அடங்கலும் நிலத்துக்காரர் பெயரில் இருக்க, அதற்காக ஏற்கெனவே அலைந்து களைத்தவர். அவரிடமும் அதே 50 கேட்கப்படுகிறது. முன்னவரின் தாராளம் பின்னவருக்குத் தண்டமாகிறது. தன் கையால் கொடுத்ததன் கனம் இன்னொருவன் தோளில் போய் உட்கார்வதைக் கண்டு வருந்தாத தாராளத்தை நற்குணம் என்று எப்படிச் சொல்வது?

வள்ளுவர் இதில் தெளிவாக இருந்தார். கொடுங்கோன்மை அதிகாரத்தில், செங்கோல் பிடித்த கையோடு ஒருவன் இரந்து கேட்பதை, வேலோடு நின்று வழிப்பறி செய்பவன் ‘கொடு’ என்பதோடு வைத்துச் சொல்கிறார். கேட்கும் குரல் எவ்வளவு கனிவானது என்பது அங்கே பொருட்டே இல்லை. கையில் என்ன இருக்கிறது என்பதுதான் பொருட்டு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மானி இருக்கிறது, தூற்றும் மிஷின் இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது, தராசு இருக்கிறது. மேலே மேகம் இருக்கிறது. நெல் காயவில்லை, பதர் அதிகம், சாக்கு நாளைக்குத்தான் வரும் என்று சொல்லும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ அவர் தேநீருக்குக் கேட்டாலும் அது வேலோடு நின்று கேட்டதே.

புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன அறிவுரை இந்த மண்ணுக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்தின் நெல்லை அறுத்துக் கவளம் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானை தானே வயலுக்குள் இறங்கினால், நூறு செய்யானாலும் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம் என்றார் அவர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பட்டினப்பாலை சொல்லும் பெருமை, அவர்கள் வாங்கும்போது கூடுதலாகக் கொள்வதில்லை, கொடுக்கும்போது குறைப்பதில்லை என்பது. கடல் கடந்த சரக்கும் கப்பலும் குவிந்த துறைமுகத்தைப் பாடவந்த புலவர், செல்வத்தோடு தராசின் நேர்மையையும் சேர்த்துப் பாடினார். ஆய் வள்ளலைப் புகழும்போது உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மறுமைப் பயன் கருதி இங்கே அறம் செய்பவனை அறத்தை விலைக்கு விற்கும் வணிகனாக எண்ணி, ஆய் அப்படிப்பட்டவன் இல்லை என்றார். மறுமைக்காகக் கொடுப்பதையே வணிகம் என்றவர்கள், தன் மூட்டை முதலில் எடை போடப்படுவதற்காகக் கொடுப்பதை என்னவென்று சொல்லியிருப்பார்கள்?

மறுபக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சுமை தூக்கும் தொழிலாளிக்கு இது பருவ வேலை. முதுகு போய்விடும் வேலை. நிலையத்து ஊழியர் பலருக்கும் நிரந்தரப் பணி கிடையாது. மழை இறங்கப்போகும் மாலையில் சட்டம் பேசிக்கொண்டு நிற்க எந்த விவசாயிக்கும் தெம்பு வராது. இதையெல்லாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் தொழிலாளியின் வறுமைக்கு விடை கூலி. இதை இந்த வட்டாரத்துக்கு வெளியூர்க்காரர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. பண்ணையாள் முறை இருந்த காலத்தில் கீழத்தஞ்சையின் களங்களில், அளந்து போட வேண்டிய கூலியை அளக்காமல், மிராசுதாரர் மனம் வைத்து அள்ளிப்போடும் நெல்லைத் தயவு என்று வாங்கிக் கும்பிட வேண்டியிருந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் அந்தத் தயவின் மறுபக்கம். தென்கன்னடத்திலிருந்து வந்து இந்த மக்களோடு வாழ்ந்த பி. சீனிவாசராவும் அவரோடு நின்ற ஆயிரக்கணக்கான விவசாயத் தொழிலாளரும் போராடிக் கேட்டது, தயவைக் கூட்டிக் கொடுங்கள் என்றல்ல. கூலியை அளந்து கொடுங்கள் என்று. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்தப் போராட்டத்தால்தான். அவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. அந்த ஊரிலேயே உழைப்பாளியின் கூலியை இன்னொரு ஏழையின் பயத்திலிருந்து வசூலித்துக் கொடுப்பதை இரக்கம் என்று சொல்வது, அந்தப் போராட்டத்தைத் திருப்பிப் போடுவதாகும். சுமைகூலி மூட்டைக்கு மூன்றேகால் ரூபாயாக இருந்து, விவசாயியிடம் கை நீட்டக் கூடாது என்பதற்காகவே சில ஆண்டுகளுக்கு முன் பத்து ரூபாயாக உயர்த்தப்பட்டது. பத்து போதாதென்றால் பதினைந்து கேட்கட்டும். விவசாயிகளும் அவர்களோடு சேர்ந்து நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வாசலில் நின்று கேட்கட்டும். அது அன்பு.

கொடுக்கத் தெரியாத ஊர் இல்லை இது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறி, தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்து, கூரைகளைப் பிய்த்துப் போட்டபோது, ஓட்டுவீட்டுக்காரர்கள் கூரைவீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தெருவுக்கு ஒரு அடுப்பு மூட்டிச் சேர்ந்து சமைத்தார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து அரிசியும் போர்வையும் மெழுகுவத்தியும் லாரி லாரியாக வந்தன.

அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டுக்காரர். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் நடந்து காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, குடவாழை, பூங்கார், இலுப்பைப்பூச் சம்பா என்று 170-க்கும் மேற்பட்ட நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தவர். ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல், விலை கிடையாது. அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். அவரும்தான் திரும்பக் கேட்டார், இரண்டு மடங்காகவே கேட்டார் என்று ஒருவர் வாதிடலாம். நல்ல கேள்வி. அவர் கேட்டதை எல்லார் முன்னிலையிலும் கேட்டார். எல்லாரிடமும் ஒரே அளவு கேட்டார். விளைந்த பிறகு கேட்டார். திரும்பி வந்த நெல் இன்னொரு விவசாயியின் நாற்றங்காலுக்குப் போனது. விதை வேண்டாம் என்று சொல்லிப் போக எவருக்கும் உரிமை இருந்தது. சொன்னவருடைய நெல் மழையில் நனையவில்லை. திரும்பப் பெறுவதால் ஒரு செயல் இழிந்துபோவதில்லை. பயத்தை ஈடாக வைத்து, ஒளிவில், எளியவனிடமிருந்து பெறும்போதுதான் இழிகிறது.

கண்ணோட்டம் என்ற பெயரில் வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதினார். அதை அவர் இல்லறவியலில் வைக்கவில்லை. பொருட்பாலில், ஆள்வோருக்குச் சொல்லும் அரசியல் பகுதியில் வைத்தார். கடமை சிதையாமல் இரக்கம் காட்ட வல்லவருக்கே உலகம் உரியது என்றும் அங்கே சொன்னார். ஆகவே அன்பு வேண்டும் என்றால் அது முதலில் நாற்காலியின் பக்கத்திலிருந்து வர வேண்டும். 17 என்றால் 17 என்று மானியைக் காட்டிச் சொல்லும் பட்டியல் எழுத்தர், இன்னும் ஒரு நாள் வெயில் காட்டினால் எடுத்துவிடலாம் என்று முதல் நாளே சொல்லி அனுப்பலாம். காயப்போட ஓர் ஓரத்தைக் காட்டலாம். நாளைக்குச் சாக்கு வராது என்பது இன்றைக்கே தெரிந்தால் வண்டி வாடகை வீணாகும் முன் ஒரு போன் செய்யலாம். எடை போடும்போது எண்கள் தெரியும்படி விலகி நிற்கலாம். வயதானவரை நிழலில் உட்காரச் சொல்லலாம். இவற்றுக்குப் பணச் செலவு அநேகமாக இல்லை. இப்படி நடக்கிற ஊழியர்களும் இருக்கிறார்கள். மாமூலைப் பழக்கமாக்கிக்கொண்ட இடத்தில் அவர்கள்தான் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று பேர் எடுக்கிறார்கள். அதுவும் இந்தப் பழக்கம் செய்யும் கேடு.

திருவாரூரில் கல்தேர் நிற்கிறது. இளவரசனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசு மணியை அசைத்தபோது, நூலில் சொன்ன கழுவாயைச் செய்துவிட்டால் போதும் என்றே அமைச்சர்கள் மன்னனுக்குச் சொன்னார்கள். அரண்மனைக்கு நிம்மதி, நாட்டுக்கு நிம்மதி, இளவரசனுக்கு உயிர். அந்த ஏற்பாட்டில் பசுவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. மனுநீதிச் சோழன் அதை ஏற்கவில்லை என்பதால்தான் இத்தனை நூற்றாண்டு கழித்தும் அந்தக் கதையைச் சொல்கிறோம். எல்லாருக்கும் வசதியான ஏற்பாட்டில் யாருடைய இழப்பு எண்ணப்படவில்லை என்று கேட்பது நல்லெண்ணத்துக்கு விரோதமானதன்று. நல்லெண்ணமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. நல்லதையே நினை என்கிறவர்கள், அடுத்தவனுக்கு நடக்கும் கெட்டதைப் பார்க்காதே என்ற பொருளில் அதைச் சொல்லலாகாது.

2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கொள்முதல் நிலைய லஞ்சத்தைக் கடுமையாகக் கண்டித்தது. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவர்மேல் குற்றமில்லை. இந்த ஏழு நாள் விதி எத்தனை விவசாயிகளுக்குத் தெரியும்? தனியாக ஒருவர் எதிர்த்து நின்றால் அவர் மூட்டை கடைசிக்குப் போகும் என்ற பயம் பொய்யில்லை. அதனால் ஐந்து பேராகப் போக வேண்டும். அதில் நிலம் அதிகம் உள்ளவர் முன்னால் நிற்க வேண்டும், ஒரு நாள் தாமதத்தைத் தாங்க அவரால்தான் முடியும். சம்பா அறுவடை தையில் தொடங்குகிறது. ஜனவரி 26 கிராமசபைக் கூட்டம் அந்த வாரங்களிலேயே வருகிறது. மூட்டைக்குச் சுமைகூலி எவ்வளவு, அதைக் கொடுப்பது யார், எந்த நாளில் கொடுக்கிறார்கள், விவசாயி கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை என்பதை நிலையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கும்படி அந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடலாம். அதைப் படித்துக் காட்டும்போது சுமை தூக்கும் தொழிலாளர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்களுக்கு வர வேண்டிய பாக்கியையும் அதே தீர்மானத்தில் சேர்த்து எழுதலாம்.