மாட்டுக்கு அண்டாச் சோறு வைக்காதீர்கள்

மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிவரப்படும் மாடுகளைப் பாருங்கள். இடப்பக்க வயிறு தண்ணீர் நிரம்பியதுபோல் தளும்பும். அசை நின்றிருக்கும். சாணம் புளித்த வாடையோடு நீராய்க் கழியும். கண் உள்வாங்கி, நடை தள்ளாடும். யாரும் விஷம் வைக்கவில்லை. ஆசை ஆசையாய்ப் பொங்கலை வைத்தார்கள், அவ்வளவுதான்.

வைக்கோலைச் செரிக்கும் சக்தி மாட்டுக்குத் தானாக இல்லை. அதன் பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தாம் நாரை உடைத்து ஆகாரமாக்குகின்றன. பெருவயிற்று நீரில் ஒரு மில்லிக்குள் சுமார் 1,000 கோடி பாக்டீரியாக்கள். நீங்கள் கறக்கும் பால் அவை போட்ட பிச்சை. சோறும் கஞ்சியும் மாவும் மொத்தமாய் உள்ளே இறங்கினால், மாவுச்சத்தைத் தின்னும் சில இனங்கள் மட்டும் தறிகெட்டுப் பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். 6, 7 என்றிருக்க வேண்டிய பி.எச். அளவு 5-க்கும் கீழே விழும். நாரை உடைப்பவை மடியும். உடம்பின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுபட்டு, அமிலம் ரத்தத்தில் ஏறி, ஓரிரு நாளில் மாடு சாயும்.

முற்றிய நிலையில் வயிற்றைக் கீறிச் சோற்றை வாரி எடுக்கிறார்கள் மருத்துவர்கள். பிறகு, நலமாயிருக்கும் வேறொரு மாட்டின் பெருவயிற்று நீரைத் துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் உள்ளே செலுத்துகிறார்கள். அழிந்த குடிகளை மறுபடி ஏற்றும் வைத்தியம் அது. எல்லா மாட்டுக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

ஆகவே மாடு வைத்திருப்பவர்களே, படையல் பொங்கலை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றைத் தொட்டியில் கொட்டாதீர்கள். அரிசி மூட்டை மாட்டின் வாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. புதுத் தீவனத்துக்குப் பத்துப் பதினைந்து நாளில் மெல்ல மாற்றுங்கள். கோயில் பசுவுக்குத் தீனி கொடுத்துப் புண்ணியம் தேடுபவர்களே, ஒரு கட்டுப் புல் வாங்கிக் கொடுங்கள், போதும்.

மீறித் தின்றுவிட்டால் மூங்கில் குழாயில் கைமருந்து ஊற்றிப் பார்க்காதீர்கள். புரையேறினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாக வாங்கிப் புகட்டாதீர்கள். எஞ்சிய நல்ல உயிர்களும் சாகும். விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கான எண் 1962.