பேற்று வலியும் ஏவாளின் சாபமும்

பிள்ளைப்பேற்றின் வலி பாவத்துக்கு வந்த தண்டனை என்ற எண்ணம் கிறிஸ்தவ மரபில், ஏவாள் வேதனையோடு பிள்ளை பெறுவாள் என்று கடவுள் சொல்லும் ஆதியாகமம் 3:16 வசனத்தை ஒட்டி வேரூன்றியது. கடவுள் விதித்த வலியைத் தணிக்க மனிதருக்கு உரிமை உண்டா என்ற கேள்வியும் கூடவே பிறந்தது. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்துக்கு மயக்க மருந்து கொடுத்தபோது வேதத்தைக் கொண்டே அதற்கு விடை சொன்னார். முள் முளைக்கும் என்று சபிக்கப்பட்ட நிலத்தில் உழவன் களையெடுப்பது பாவமல்ல; அப்படியிருக்கப் பெண்ணின் வலியை மட்டும் தொடக்கூடாது என்பது எந்த நியாயம்? 1853இல் விக்டோரியா அரசியும் தம் பிரசவத்தில் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தை ஏற்றார்.

அரண்மனைக்குக் கிடைத்த ஆறுதல் தொழிலாளர் வீடுகளுக்கு வந்து சேர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தவர்கள் மருத்துவச்சிகள்தான். 1936ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சம்பளம் பெறும் மருத்துவச்சிகளை ஏற்பாடு செய்யும் கடமையை உள்ளாட்சிகளுக்குத் தந்தது. 1948 ஜூலை 5 முதல், தேசிய சுகாதாரச் சேவையின் கீழ், மருத்துவச்சிகளின் உதவிக்குக் கட்டணம் இல்லை. 1950களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தை வீட்டிலேயே பிறந்தது. மருத்துவச்சி பெரும்பாலும் மிதிவண்டியில் வந்தார்.

லிவர்பூல் மருத்துவர் ராபர்ட் மின்னிட் 1930களில் உருவாக்கிய கருவி, நைட்ரஸ் ஆக்சைடைக் காற்றோடு கலந்து தந்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சி அதை வீட்டுக்கே கொண்டுபோகலாம். முகமூடியைத் தாயே பிடித்துக்கொள்வாள்; மயக்கம் மிகுந்தால் கை தளர்ந்து அது விலகிவிடும். எவ்வளவு வலியைத் தாங்குவது என்பதைப் போதகரோ மருத்துவரோ அல்ல, வலியை அனுபவிப்பவளே முடிவு செய்தாள். இறையியலார் பல தலைமுறை விவாதித்தும் பெண்ணுக்குத் தராத அதிகாரம் இது.

ஆனால் அந்தக் கருவி எல்லாப் படுக்கையறைகளுக்கும் போகவில்லை. பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் நடந்த பிரசவங்களை ஆராய்ந்த பெரிய கணக்கெடுப்பு, வீட்டில் பெற்றவர்களில் சிறு பகுதியினருக்கே வலிநிவாரணம் கிடைத்ததைக் காட்டியது. இந்தக் குறையைத் தீர்க்க 1949இல் நாடாளுமன்றத்தில் வந்த தனிநபர் மசோதா நிறைவேறவில்லை. வலி தெய்வ விதியா என்று கேட்ட காலம் போய், வலி ஏன் ஏழைக்கு மட்டும் விதி என்று கேட்க வேண்டிய காலம் வந்திருந்தது.

ஆங்கிலேய மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் வேறு வழியில் சிந்தித்தார். லண்டன் வைட்சேப்பலில் ஓர் ஏழைப் பெண் மயக்க மருந்தை மறுத்து அமைதியாகப் பெற்றெடுத்ததைக் கண்டது அவரை மாற்றியது. அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கமே வலியைப் பெருக்குகிறது என்று 1942இல் வெளியான நூலில் விளக்கினார். பக்தரான அவர் சாபக் கொள்கையை ஏற்கவில்லை. அச்சத்தைப் பற்றி அவர் சொன்னது மதிக்கத்தக்கது. ஆயினும் அதன் மறுபக்கம் கொடியது: கடும் வலி கண்டவள் தன் மனத்தையே குற்றம் சொல்ல நேர்ந்தது. தண்டனை என்ற பழைய எண்ணம் அங்கே வேறு உருவில் திரும்பிவந்தது.

1956 ஜனவரியில் போப் பன்னிரண்டாம் பயஸ், வலியைத் தணிக்கும் வழிகளை நாடுவதை வேதம் தடுக்கவில்லை என்று தெளிவாக்கினார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு வழிபாட்டு நூலிலும் வலியைத் தண்டனையாகக் காணாத பார்வைக்கு இடமிருந்தது. பிள்ளை பெற்றவள் ஆலயம் வந்து நன்றி செலுத்த அந்நூல் வகுத்த சடங்கு 1950களிலும் கிழக்கு லண்டனில் வழக்கில் இருந்தது. அங்கே ஓதப்படும் மன்றாட்டு ஏவாளின் சாபத்தை நினைவூட்டுவதில்லை. பெரும் வலியிலிருந்தும் ஆபத்திலிருந்தும் அவளை விடுவித்ததற்காகவே கடவுளுக்கு நன்றி சொல்கிறது.