மின்சார கார் வாங்கினால் கடமை முடிஞ்சிடுமா?

போன மாதம் எங்க மாமா புதுசாக ஒரு மின்சார கார் வாங்கினார். பூஜை போட்டு, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, எங்க எல்லாரையும் ஒரு ரவுண்டு ஏற்றிக்கொண்டு போனார். "இனிமே என் வண்டியிலே புகையே கிடையாதுடா. உலகத்துக்கு என் கடமையைச் செஞ்சிட்டேன்" என்றார். பின் சீட்டில் இருந்த அம்மா சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மா தினமும் விடியற்காலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்.

மாமா சொன்னதில் எவ்வளவு உண்மை? பெட்ரோல் இயந்திரம் எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டார் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ஆனால் தீபகற்ப மலேசியாவில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் தயாராகிறது. அதனால் புகை குறைந்திருக்கிறது, மிச்சம் மின்நிலையத்துக்கு இடம் மாறியிருக்கிறது. பெட்ரோல் காரைவிட இது மேல்தான், சந்தேகமில்லை.

இப்போது ரயிலைப் பாருங்கள். காஜாங் எம்.ஆர்.டி. தடத்தில் நான்கு பெட்டி ரயில் ஒன்று 1,200 பேரை ஏற்றும். அந்த 1,200 பேரும் ஆளுக்கொரு காரில் கிளம்பினால்? ஒரு கார் 4.5 மீட்டர் என்றால், இடைவெளியே இல்லாமல் நிறுத்தினாலும் 5.4 கிலோமீட்டர் வரிசை. மின்சார காரில் உட்கார்ந்தாலும் ஜாம் ஜாம்தான்.

சரி, ரயிலும் பஸ்ஸும்தான் எல்லாருக்கும் தீர்வா? அதுவும் இல்லை. காலியாக ஓடும் பஸ்ஸால் யாருக்கும் லாபமில்லை. தோட்டப்புறத்தில் இருப்பவருக்கும், நள்ளிரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கும் சொந்த வண்டி ஆடம்பரம் கிடையாது, அவசியம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. 2022 முதல் 2025 முடியும் வரை, முழுசாக இறக்குமதியான மின்சார கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் விலக்கு. அந்தச் சலுகையில் வந்த கார்களை 1 லட்சம் ரிங்கிட்டுக்குக் கீழே விற்கக் கூடாது என்ற விதி இருந்தது. அதாவது வசதி உள்ளவர் நல்லது செய்ய நாடு கைகொடுத்தது. 50 ரிங்கிட் மாதாந்திரப் பாஸில் போகும் அம்மாவும் தினமும் அதே நல்லதைத்தான் செய்கிறார். அவருக்கு யாரும் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. பஸ் நேரத்துக்கு வந்தாலே அவருக்குப் போதும்.

காசு கொடுத்து வாங்கும் நல்லது நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. பஸ் அடிக்கடி வரவேண்டும், நிறுத்தத்துக்கு நடக்க நடைபாதை வேண்டும் என்று நாலு பேர் சேர்ந்து கேட்டு வாங்கும் நல்லது, முகம் தெரியாதவருக்கும் போய்ச் சேரும். தர்மம் என்று நாம் சொல்வது இரண்டாவதற்குத்தான் நெருக்கம் என்று நினைக்கிறேன். தைப்பூசத்துக்கு கொமுட்டரில் பத்துமலைக்குப் போகிறோமே, அந்தக் கூட்டத்தில் யார் வீட்டில் என்ன கார் இருக்கிறது என்று யாராவது கேட்கிறோமா?

அடுத்த வருஷம் நான் வேலைக்குப் போவேன். முதல் சம்பளம் வந்ததும் 9 வருஷக் கடனில் கார் எடுக்கும் ஆசை எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை கிடைத்தால் ஒரு வருஷமாவது பாஸ் எடுத்துப் போய்ப் பார்க்கப் போகிறேன். அதற்கு முன்னால், எங்க தாமான் பஸ் பற்றி வட்டார மன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம். மாமாவிடமும் கையெழுத்து கேட்டிருக்கிறேன். போடுவார்!